வீட்டிலிருந்தே டெலிகாம் கஸ்டமர் கேர் வேலை: சேருவதற்கு முன் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

சுரண்டைவாசி

எல்லாருக்கும் வணக்கம். பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு பெரிய மொபைல் நிறுவனத்தின் தமிழ் கஸ்டமர் கேருக்கு வீட்டிலிருந்தே பேசும் வேலை கிடைத்திருக்கிறது. இன்டர்வியூ எல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது. வருகிற திங்கள்கிழமை ஆன்லைனில் பயிற்சி ஆரம்பமாம். லேப்டாப்பும் ஹெட்செட்டும் கூரியரில் வரும், நெட் மட்டும் நம் பொறுப்பு என்கிறார்கள்.

வீட்டில் இப்போதைக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்தான். ஃபைபர் எங்கள் தெரு வரை வந்திருக்கிறது, கேட்டால் போட்டுத் தருவார்கள். மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று பகல் முழுக்க கரண்ட் இருக்காது. சாரல் காலத்தில் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆச்சிக்குக் காது மந்தம், டிவி சத்தமாகத்தான் ஓடும்.

ஹாட்ஸ்பாட்டை வைத்தே சமாளிக்கலாமா? கரண்ட் போனால் சம்பளத்தில் பிடிப்பார்களா? சேருவதற்கு முன் அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும்? அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பழைய ஏஜென்ட்

வாழ்த்துகள்மா. ஹாட்ஸ்பாட்டை நம்பி இறங்காதே. அது பேக்கப்புக்கு மட்டும்.

நெட் என்றதும் எல்லாரும் 100 எம்பிபிஎஸ், 200 எம்பிபிஎஸ் என்று பிளான் பார்க்கிறார்கள். குரல் அழைப்புக்கு அது தேவையே இல்லை. சாஃப்ட்போனில், அதாவது லேப்டாப்பிலேயே கால் பேசும் மென்பொருளில், ஒரு கால் ஓட நொடிக்கு 100 கிலோபிட் கூட ஆகாது. கூடவே நிறுவன நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன், கஸ்டமர் விவரம் காட்டும் சிஆர்எம் திரை எல்லாம் ஓடும், அதற்கும் சாதாரண பிளானே தாராளம். கழுத்தை அறுப்பது வேறு இரண்டு: பாக்கெட் லாஸ், ஜிட்டர். பேசுகிற குரலில் சில துண்டுகள் வழியிலேயே தொலைந்துபோவது, சேருகிற துண்டுகளும் முன்னே பின்னே வருவது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவே வரையறுத்திருக்கிறது. மொபைல் டேட்டாவில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊரே வீடியோ பார்க்கும்போது இது தாறுமாறாக ஏறி இறங்கும். கஸ்டமர் "ஹலோ, ஹலோ, கேக்குதாம்மா?" என்று கேட்டுக் கேட்டே கட் பண்ணிவிட்டுப் போவார். அந்த காலுக்கு ரேட்டிங் என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. ஃபைபர் போட்டுவிட்டு வைஃபையில் உட்காராதே. ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் இழுத்துவிடு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பக்கத்து வீட்டு வைஃபையோடும் மைக்ரோவேவ் அடுப்போடும் மோதிக்கொண்டே இருக்கும். கேபிளுக்கு அந்த வம்பு கிடையாது. பெரும்பாலான நிறுவனங்கள் எப்படியும் கேபிளில்தான் லாகின் செய்யச் சொல்லும்.

கேபிள் மாமா

இணைப்பு கொடுக்கிற ஆள் நான். மேலே தம்பி சொன்னது சரிதான், ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்.

கனெக்‌ஷன் கொடுக்க வருகிறவரிடம், "எக்ஸ்சேஞ்சிலிருந்து என் வீடு வரை நடுவில் கரண்டில் ஓடுகிற பெட்டி ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். சரியான ஜிபான் இணைப்பு என்றால் இருக்காது. அங்கே எக்ஸ்சேஞ்சில் ஓஎல்டி என்ற பெட்டி, இங்கே உங்கள் வீட்டில் ஓஎன்டி என்ற ஃபைபர் பெட்டி, நடுவில் இருப்பது வெறும் கண்ணாடி இழையும் அதைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும்தான். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. ஓஎல்டிக்குப் பேட்டரி இருக்கும். அதனால் தெருவே இருட்டாகக் கிடந்தாலும் உங்கள் ஓஎன்டிக்குக் கரண்ட் கொடுத்துவிட்டால் நெட் வரும். ஆனால் சில ஊர்களில் போஸ்ட் கம்பத்தில் ஒரு சுவிட்சை மாட்டி, அதற்குப் பக்கத்துக் கடையிலிருந்து கரண்ட் எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர் விடுவார்கள். கடைக்காரர் ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போனால் உங்கள் நெட்டும் போச்சு. நான் பார்த்திருக்கிறேன்.

ஓஎன்டி பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கென்றே கையடக்க டிசி யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் இந்தச் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண நேரத்தில் ஓஎன்டி ரீஸ்டார்ட் ஆகிவிட்டால் திரும்ப எழுந்து வர ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் விபிஎன் அறுந்து, கால் அறுந்து, லாகினும் போயிருக்கும்.

ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தால் ரூட்டரை நூறு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பிரயோஜனமில்லை. பெரும்பாலும் இழை எங்கேயோ அறுந்திருக்கும், ஆள் வந்துதான் ஒட்ட வேண்டும். வேலையில் சேர்ந்தபின் நீங்களே கஸ்டமருக்கு இதைத்தான் சொல்லப்போகிறீர்கள்.

டீம் லீடர் கோவை

சுரண்டைவாசி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதுதான் முக்கியமானது, அதைத்தான் யாரும் கேட்காமலேயே சேருகிறார்கள்.

இந்த வேலையில் சம்பளம் நாள் கணக்கில் இல்லை, லாகின் ஹவர்ஸ் கணக்கில். ஒன்பது மணி நேர ஷிஃப்ட் என்றால் பிரேக் போக இத்தனை மணி நேரம் சிஸ்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்று ஓர் அளவு இருக்கும். கரண்ட் போனாலும் லைன் போனாலும் சிஸ்டத்துக்கு ஒன்றுதான், நீங்கள் லாக் அவுட். அதை "டவுன்டைம்" என்று டீம் லீடர் குறித்துக் கொடுத்தால் நேரம் தப்பிக்கும். குறிக்கவில்லை என்றால் அரை நாள் எல்ஓபி, அதாவது சம்பளமில்லா விடுப்பு. அலுவலகத்தில் சர்வர் விழுந்தால் எல்லாருக்கும் டவுன்டைம். உங்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் உங்களுக்கு மட்டும்தான், அதை நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

ஆகவே ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஹெச்ஆருக்கு ஒரு மெயில். போனில் கேட்காதீர்கள், போனில் எல்லாவற்றுக்கும் "நோ ப்ராப்ளம்" என்பார்கள். மெயிலில் கேட்க வேண்டியவை: மின்வெட்டு, நெட் கோளாறு இரண்டையும் எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? அந்த நேரத்தை வேறொரு நாள் கூடுதலாகப் பேசி ஈடுகட்டலாமா? எவ்வளவு நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், யாரிடம்? பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா, பாதியில் நின்றால் அதைத் திருப்பிக் கேட்பீர்களா? லேப்டாப் பழுதானால் மாற்று வரும்வரை என் சம்பளம் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி பலருக்குத் தோன்றாது. தென்காசி மாவட்டத்துக்கு மாற்று லேப்டாப் கூரியரில் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டுங்கெட்டான்

எல்லாரும் அந்தப் பெண்ணுக்கு யுபிஎஸ் வாங்கு, கேபிள் வாங்கு என்கிறீர்களே, அதற்கெல்லாம் காசு யார் தருவது? நெட் பில் நம்முடையது, கரண்ட் பில் நம்முடையது, அறை நம்முடையது. அவர்களுக்குக் கட்டட வாடகை மிச்சம், கேப் மிச்சம், கேன்டீன் மிச்சம். 2020-க்கு முன்பு கால் சென்டர் ஆளை வீட்டிலிருந்து பேச வைக்க நிறுவனம் தொலைத்தொடர்புத் துறையிடம் ஒரு கோடி ரூபாய் வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டியிருந்தது. கொரோனா வந்ததும் 2020 மார்ச்சில் தளர்த்தினார்கள், அந்த வருடம் நவம்பரில் நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த "வீட்டிலிருந்தே வேலை" விளம்பரமெல்லாம். நம்மீது பாசம் பொங்கிக் கொடுத்ததல்ல.

டீம் லீடர் கோவை

பாசம் என்று யார் சொன்னது? நீங்கள் சொல்லும் செலவுக் கணக்கும் சரிதான். ஆனால் மறுபக்கத்தையும் போடுங்கள். சுரண்டையிலிருந்து சென்னைக்கோ கோவைக்கோ வந்து ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் என்று இறங்கினால் இந்தச் சம்பளத்தில் கையில் என்ன நிற்கும்? என் டீமில் ஒரு பெண் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பேசுகிறார். அலுவலகம் வரச் சொன்னால் அவர் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. நெட் அலவன்ஸ் என்று மாதாமாதம் ஒரு தொகை தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. கேட்டால்தான் தெரியும்.

பிஎஃப் பாஸ்புக்

ஹெச்ஆரில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று. ஆஃபர் லெட்டரின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தீர்களா? விளம்பரத்தில் பெரிய டெலிகாம் நிறுவனத்தின் பெயர் இருக்கும், லெட்டரில் வேறொரு பிபிஓ அல்லது மேன்பவர் ஏஜென்சியின் பெயர் இருக்கும். பெரும்பாலும் அப்படித்தான், அது மோசடி இல்லை. ஆனால் உங்களுக்கு முதலாளி அந்த ஏஜென்சிதான். சம்பளம், பிஎஃப், ரிலீவிங் லெட்டர் எல்லாம் அங்கேதான் கேட்க வேண்டும்.

அடுத்தது சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு. மாதம் 17,960 என்று போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மொத்தச் சம்பளம் 16,000, பேசிக் 12,000 என்றால், நிறுவனம் கட்டும் பிஎஃப் 12 சதவீதம் 1,440, நிறுவனம் கட்டும் இஎஸ்ஐ 3.25 சதவீதம் 520, இரண்டையும் சேர்த்துத்தான் அந்த 17,960. உங்கள் பங்குக்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 120 பிடித்தால் கைக்கு வருவது 14,440. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை தனி. "பதினெட்டாயிரம் சம்பளம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு முதல் மாதம் முழிக்கிறவர்கள் நிறைய.

பிடித்த பிஎஃப் நிஜமாகவே கட்டப்படுகிறதா என்று உங்கள் பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண்ணைப் போட்டு பாஸ்புக்கைப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், ஆனால் பாருங்கள்.

மதுரைக்காரன்

நடுவில் ஒரு சந்தேகம். எனக்கும் ஒரு டெலிகாம் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஆஃபர் வந்தது. லேப்டாப் அனுப்ப டெபாசிட் 4,500 கட்டச் சொல்கிறார்கள், முதல் சம்பளத்தோடு திருப்பித் தருவார்களாம். இன்னொருவன் வேறு மாதிரி: வீட்டில் ஒரு அறையும் நெட்டும் கொடுத்தால் போதும், ஒரு மெஷின் வைப்பார்கள், மாதம் வாடகை, பேசவே வேண்டாம் என்கிறான். இரண்டாவது நன்றாக இருக்கிறதே?

பழைய ஏஜென்ட்

முதலாவது திருட்டு. உண்மையான நிறுவனம் லேப்டாப்புக்கு முன்பணம் கேட்காது, உங்களிடம் ஒப்புகைக் கையெழுத்துதான் வாங்கும். ஏற்கெனவே கட்டியிருந்தால் இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு.

இரண்டாவதைத் தொடவே தொடாதீர்கள். அது சிம் பாக்ஸ்.

நாக் நைட் ஷிஃப்ட்

சிம் பாக்ஸ் பற்றி நான் சொல்கிறேன். நாக், அதாவது டெலிகாம் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் இருக்கிறேன், இது எங்கள் பக்கத்து விவகாரம்.

வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு முறையான வழியில் வந்தால் அனுமதி பெற்ற கேட்வே வழியாக வரும், அதற்குக் கட்டணம் உண்டு. இந்தப் பெட்டியில் டஜன் கணக்கில் சிம் செருகியிருக்கும். வெளிநாட்டு அழைப்பை இன்டர்நெட்டில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருக்கும் சிம்மிலிருந்து உள்ளூர் அழைப்பாக மாற்றி விடுவார்கள். வாங்குகிறவர் போனில் ஏதோ பத்து இலக்க உள்ளூர் நம்பர் தெரியும். கட்டணம் ஏய்ப்பது ஒரு பக்கம். "உங்கள் பார்சலில் போதைப்பொருள், போலீஸ் பேசுகிறேன்" என்று மிரட்டும் கால்களுக்கும் இதுதான் வழி. ஒரே டவரில், ஒரே இடத்தில், நகராமல், வெளியே மட்டுமே பேசிக்கொண்டு இத்தனை சிம்மா என்று எங்கள் சிஸ்டமே காட்டிக்கொடுக்கும். போலீஸ் வந்து நிற்பது பெட்டியை வைத்தவன் வீட்டில் அல்ல, அறை கொடுத்தவர் வீட்டில். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் இப்படிச் சேவை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாடகைக்கு மட்டும்தான் விட்டேன் என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும்.

மதுரைக்காரன்

ஆத்தாடி. நன்றிண்ணே. ரெண்டு நம்பரையும் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் புகார் பண்ணிவிட்டேன்.

சுரண்டைவாசி

எல்லாருக்கும் நன்றி. பயிற்சி ஆரம்பித்துவிட்டது. ஃபைபர் போட்டாச்சு, ஜிபான்தான், நடுவில் பெட்டி கிடையாது என்று கேட்டுக்கொண்டேன் மாமா. ஆச்சிக்கு டிவி ஹெட்போன் வாங்கிக் கொடுத்தாயிற்று, முதலில் முறைத்தார், இப்போது சீரியல் வசனம் நன்றாகக் கேட்கிறதாம்.

மெயில் போட்டேன். பதில் வந்தது: மின்வெட்டு என்றால் பதினைந்து நிமிடத்துக்குள் டீம் லீடருக்குத் தகவல் சொன்னால் ஒரு மணி நேரம் வரை டவுன்டைம், அதற்கு மேல் போனால் அந்த வாரத்துக்குள் ஈடுகட்ட வேண்டும். லெட்டர் ஏஜென்சி பெயரில்தான் இருந்தது.

இப்போது பயம் வேறு. நேற்று மாக் காலில் டிரெய்னர் கஸ்டமராக நடித்துக் கத்து கத்து என்று கத்தினார். "நேற்று சிம் மாத்தினேன், பேங்க் ஓடிபி வரலை, என் பணத்துக்கு நீ பொறுப்பா?" என்று. நான் நெட்வொர்க் செட்டிங், போன் ரீஸ்டார்ட் என்று போய்க்கொண்டே இருந்தேன். பேசிக்கொண்டே டைப் பண்ணவும் வரவில்லை. இந்த ஏஹெச்டியை, அதாவது ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரத்தை, ஐந்து நிமிடத்துக்குள் எப்படி முடிக்கிறீர்கள்?

டீம் லீடர் கோவை

அந்தக் கால் ரொம்பச் சுலபமானது, டிரெய்னர் வேண்டுமென்றே கத்தியிருக்கிறார். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகவும் செய்யாது, வரவும் செய்யாது. இது கோளாறு அல்ல, பாதுகாப்புக்காகத் தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி. உங்கள் பெயரில் இன்னொருவன் சிம் வாங்கி ஓடிபியைத் திருடக் கூடாது என்பதற்காக. சிம் மாற்றிய நேரத்தைத் திரையில் பார்த்துவிட்டு, "சார், உங்கள் அக்கவுன்ட் பாதுகாப்புக்காகத்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம், இன்று மாலை நாலரை மணிக்கு மேல் வந்துவிடும்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். நேரம் சொன்னால் பாதிக் கோபம் இறங்கிவிடும். "விரைவில் சரியாகிவிடும்" என்றால் ஏறும்.

ஏஹெச்டியைப் பற்றி முதல் மாதம் கவலைப்படாதீர்கள். நெஸ்டிங்கில், அதாவது பயிற்சி முடிந்து மேற்பார்வையில் கால் எடுக்கும் காலத்தில், எல்லாருக்கும் நீளமாகத்தான் வரும். ஃபேட்டலில், அதாவது மன்னிப்பில்லாத தவறில், மட்டும் மாட்டாதீர்கள். கால் எவ்வளவு அழகாகப் பேசியிருந்தாலும் ஃபேட்டல் என்றால் குவாலிட்டியில் பூஜ்யம். எது ஃபேட்டல்? சரிபார்ப்புக் கேள்வி கேட்காமல் அக்கவுன்ட் விவரம் சொல்வது, புகாரைப் பதிவு செய்ததற்கான டாக்கெட் எண் தராமல் முடிப்பது, கஸ்டமரிடம் குரலை உயர்த்துவது. ஒரு பெண் அழுதுகொண்டே கூப்பிடுவார், "என் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து யாருக்குப் பேசுகிறார் என்று மட்டும் சொல்லும்மா" என்பார். மனசு இளகும். சொல்லக் கூடாது.

பழைய ஏஜென்ட்

டைப்பிங்குக்கு ஒரு வழி. கஸ்டமர் பேசும்போதே டிக்கெட்டில் மூன்று சொல்லாவது போட்டுக்கொண்டே போ: "சிம் மாற்றம், ஓடிபி, நேற்று". கால் முடிந்தபின் எழுத உட்கார்ந்தால் ராப்-அப் நேரம் ஓடும், அதுவும் ஏஹெச்டியில்தான் சேரும்.

மேசையில் பேப்பர், பேனா, சொந்த போன் எதுவும் வைக்காதே. வீடாக இருந்தாலும் க்ளீன் டெஸ்க்தான். வெப்கேமில் திடீரென்று அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். கஸ்டமர் நம்பரைக் கையால் எழுதி வைத்திருந்தால் உன் நோக்கம் நல்லதாகவே இருந்தாலும் அதோடு வேலை முடிந்தது.

ரத்னா சாட்

குரலுக்குப் பதில் சாட் பிராசஸ், அதாவது டைப் செய்து பதில் சொல்லும் பிரிவு, கேட்டுப் பாருங்கள் தோழி, ஆறு மாதம் கழித்தாவது. ஆச்சி டிவியும் பிரச்சினையில்லை, தெருவில் மைக் செட் கட்டினாலும் பிரச்சினையில்லை. ஆனால் சும்மா இருக்கும் வேலை என்று நினைக்காதீர்கள். ஒரே நேரத்தில் மூன்று சாட் ஓடும். ஒருவர் தமிழில் அடிப்பார், ஒருவர் தங்கிலீஷில் "net varala bro" வகையில் அடிப்பார், மூன்றாமவர் வெறும் கேள்விக்குறியாகவே அனுப்பிக்கொண்டிருப்பார். கொடைத்திருவிழா சீசனில் எங்கள் ஊரில் குரல் பிராசஸ்காரர்கள் லீவு போட அலைவார்கள், நான் நிம்மதியாக லாகின் பண்ணியிருப்பேன்.

சுரண்டைவாசி

கொடை பற்றி யோசிக்கவே இல்லை அக்கா! எங்கள் தெருமுனையில்தான் அம்மன் கோவில். அந்த வாரம் வீக் ஆஃப் மாற்றிக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாக் அண்ணா, உங்கள் வேலையும் வீட்டிலிருந்து செய்ய முடியுமா? பி.காம். படித்தவர்கள் அந்தப் பக்கம் வரலாமா?

நாக் நைட் ஷிஃப்ட்

முதல் நிலை கண்காணிப்பை வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் உண்டு. திரையில் அலாரம் வரும்: இந்த டவரில் கரண்ட் போச்சு, பேட்டரி இறங்குகிறது, டீசல் ஜெனரேட்டர் எடுக்கவில்லை. ஃபீல்டு ஆளைக் கூப்பிட்டு அனுப்பி, டிக்கெட் போட்டு, அலாரம் அணையும் வரை விடாமல் பின்தொடர வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு மழையில் நிற்கிற ஆளிடம் பேச வேண்டியிருக்கும் என்பதால் உங்கள் கஸ்டமர் கேர் பழக்கம் இங்கேயும் உதவும்.

பி.காம். தடையில்லை என்று சொல்ல மாட்டேன், பல இடங்களில் டிப்ளமோ அல்லது பி.இ. கேட்பார்கள். சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ அளவுக்கு நெட்வொர்க்கிங் படித்து வைத்தால் சில ஏஜென்சிகள் பார்ப்பார்கள். உள்ளேயே மாறிக்கொள்ளலாம் என்று யாராவது ஆசை காட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஐஜேபி, அதாவது உள்பணி மாற்றம், நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்குத்தான். நீங்கள் ஏஜென்சி ரோலில் இருக்கிறீர்கள். ஏஜென்சிக்குள் இருக்கும் வேறு பிராசஸுக்கு மாறலாம், டெலிகாம் நிறுவனத்துக்குள் போக வெளியாள் மாதிரி புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது அனுபவச் சான்றிதழில் எந்த நிறுவனத்துக்காகப் பேசினீர்கள் என்று எழுதித் தருவார்களா என்பதை ஏஜென்சி ஹெச்ஆரிடம் இப்போதே இன்னொரு மெயில் போட்டுக் கேட்டு வையுங்கள்.